வகுப்பறையில் காலநிலை மாற்றமும் புவி அறிவியலும்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நடுநிலை, உயர்நிலை வகுப்புகளுக்குப் பல ஆண்டுகளாக அறிவியல் எடுத்துவருகிறேன். காலநிலை மாற்றப் பாடத்தை முதன்முறையாக எடுக்கப்போகும் ஆசிரியர்களும், சில நேரம் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. உலகம் சூடாகிறது என்று பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். அது மனிதருக்கு எப்படித் தெரியவந்தது என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுப்பதுதான் நம் வேலை என்று நினைக்கிறேன்.

பாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

வெப்பமானியிலிருந்து. உருகும் பனிமலை, மெலிந்த துருவக்கரடி, காட்டுத்தீ என்று படம் காட்டித் தொடங்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. படம் பார்த்த பிள்ளைக்குப் பரிதாபம் வரும், கேள்வி வராது. நான் முதல் இரண்டு வாரம் 'காலநிலை மாற்றம்' என்ற சொல்லையே எடுப்பதில்லை. ஒரு வெப்பமானி, ஒரு மழைமானி, சுவரில் ஒட்டிய ஒரு பெரிய தாள். தினமும் ஒரே நேரத்தில் இருவர் போய் அளந்து எழுத வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

வெப்பமானியை எங்கே வைப்பது என்பதையே ஒரு பாடவேளை முழுக்கப் பேசலாம். வெயில் நேரே படக் கூடாது, காற்று உலவ வேண்டும், தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். வானிலை நிலையங்களில் வெள்ளை வண்ணம் பூசி, பக்கங்களில் சாய்வுச் சட்டங்கள் வைத்த மரப்பெட்டி இருப்பது இதற்காகத்தான். மழைமானிக்கு ஒரே ஒரு கணக்கு போதும்: 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் 1 லிட்டர் தண்ணீர். இதைச் சொன்னதும் பள்ளிக் கூரையில் எத்தனை லிட்டர் விழுந்திருக்கும் என்று தாங்களாகவே பெருக்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஒருமுறை மூன்றாம் நாளே இரண்டு மாணவிகளுக்குள் வாக்குவாதம். ஒரே வெப்பமானி, ஒரே நிமிடம். ஒருத்தி 24 என்கிறாள், இன்னொருத்தி 26 என்கிறாள். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. மறுபடி அளக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றேன். இரண்டாமவள் படித்து முடிப்பதற்குள் முதலாமவள் கத்தினாள்: "நீ குமிழைப் பிடிச்சுக்கிட்டிருக்கே!" விரல் சூடு. அன்று மதியமே தாளின் மேல்பக்கத்தில் அவர்கள் கையெழுத்தில் ஒரு விதி ஏறியது: குமிழைத் தொடாதே, கண் மட்டத்தில் வைத்துப் படி.

இந்தச் சம்பவம் பின்னால் பெரிதும் உதவியது. உலக வெப்பநிலைப் பதிவுகளை விஞ்ஞானிகள் 'திருத்துகிறார்கள்' என்று எங்கோ படித்துவிட்டு ஒரு மாணவன் சந்தேகத்தோடு வந்தான். வானிலை நிலையம் இடம் மாறினால், அளக்கும் நேரம் மாறினால், கருவி மாறினால் அந்த மாற்றத்தைக் கணக்கில் எடுத்துத்தானே ஆக வேண்டும் என்று நான் விளக்குவதற்கு முன்பே வகுப்பு அவனுக்கு அந்த 26-ஐ நினைவூட்டிவிட்டது.

வானிலைக்கும் காலநிலைக்கும் உள்ள வேறுபாட்டை ஒப்பிக்கிறார்கள், ஆனால் புரிந்ததாகத் தெரியவில்லையே?

பகடை எடுங்கள். ஒரு நாளைய வானிலை ஒரு வீச்சு என்றால், காலநிலை அந்தப் பகடையின் குணம். ஒரு பகடையில் 1 இருக்கும் முகத்தின் மேல் இன்னொரு 6-ஐ ஒட்டிவிட்டு, புத்தகத்துக்குப் பின்னால் நீங்களே உருட்டி எண்ணை மட்டும் உரக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் குறித்துக்கொண்டே வரட்டும். பத்து வீச்சில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அறுபதைத் தாண்டும்போது வகுப்பே எழுந்து நிற்கும்: 1 வரவே இல்லை, 6 மட்டும் இவ்வளவு வருகிறது! ஒற்றை வெயில் நாளும் ஒற்றைக் குளிர்காலமும் எதையும் நிரூபிக்காது என்பதையும், உலக வானிலை அமைப்பு ஏன் 30 ஆண்டுச் சராசரியைக் கேட்கிறது என்பதையும் அதற்குப் பிறகு ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

பசுமை இல்ல விளைவை எந்த வரிசையில் விளக்குவது?

பிள்ளைகள் தவறவிடும் கண்ணி ஒன்றுதான்: வெயிலாக உள்ளே வரும் கதிர் வேறு, தரையிலிருந்து வெளியே போகும் கதிர் வேறு. இது புரியாதவரை, உள்ளே வரும்போது தடுக்காத காற்று வெளியே போகும்போது மட்டும் ஏன் தடுக்கிறது என்ற குழப்பம் தீராது. பகல் முழுக்க வெயில் குடித்த சுவருக்கு அருகே, சூரியன் மறைந்த பின் தொடாமல் கையை நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கன்னத்தைக் காட்டினால் இன்னும் நன்றாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று சுவரிலிருந்து வருகிறது. அதுதான் அகச்சிவப்புக் கதிர். பூமியும் அந்தச் சுவரைப் போலத்தான் இரவும் பகலும் அதை வீசிக்கொண்டிருக்கிறது. நைட்ரஜனும் ஆக்சிஜனும் அதை விட்டுவிடுகின்றன. நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் அதை உறிஞ்சி எல்லாத் திசையிலும் திரும்ப வீசுகின்றன. ஒரு பகுதி தரைக்கே திரும்புகிறது.

உடனே அடுத்த எண்ணைச் சொல்லுங்கள். இந்த வாயுக்கள் இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை சுமார் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். இருப்பதால் சுமார் 15 டிகிரி. நம்மை உயிரோடு வைத்திருப்பதே இந்த விளைவுதான். இதைச் சொல்லாமல் விட்டால், பசுமை இல்ல விளைவு என்பதே ஒரு கேடு என்ற எண்ணம் ஊன்றிவிடும். பிறகு பிடுங்குவது கடினம்.

வரலாற்றையும் கொஞ்சம் சொல்லுங்கள். சூரியனிலிருந்துள்ள தூரத்தை வைத்துப் பார்த்தால் பூமி இன்னும் குளிராக இருக்க வேண்டுமே என்று ஜோசப் ஃபூரியே 1820-களில் கேட்டார். யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1856-இல் கண்ணாடி உருளைகளில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்தார். கார்பன் டை ஆக்சைடு இருந்த உருளைதான் மிக அதிகமாகச் சூடேறியது, ஆறவும் அதிக நேரம் எடுத்தது. வெயிலை மட்டும் வைத்துச் செய்ததால் அகச்சிவப்பின் பங்கை அவரால் தனியே பிரிக்க முடியவில்லை. 1859-இல் ஜான் டிண்டால் அதை ஆய்வகத்தில் அளந்தார். 1896-இல் ஸ்வான்டே அர்ரீனியஸ், காற்றில் கார்பன் டை ஆக்சைடு இரட்டித்தால் பூமி 5 அல்லது 6 டிகிரி சூடாகும் என்று காகிதத்தில் கணக்கிட்டார். இன்றைய மதிப்பீடு 3 டிகிரியை ஒட்டியது. கணினி பிறப்பதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் பென்சிலால் போட்ட கணக்கு இவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதைக் கேட்கும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

காற்றில் வெறும் 0.04 சதவீதம்தானே, அது எப்படி இவ்வளவு செய்யும் என்று கேட்கிறார்கள்.

நல்ல கேள்வி, மதித்துப் பதில் சொல்ல வேண்டியது. ஒரு லிட்டர் தெளிந்த தண்ணீரில், ஊசி இல்லாத மருந்துக்குழலால் 0.4 மில்லிலிட்டர் கறுப்பு மையை விடுங்கள். அதுவும் 0.04 சதவீதம்தான். நிறம் மாறுவதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது. அந்த ஒரு லிட்டர் தண்ணீர் ஒளியைத் தடுப்பதில்லை, தடுப்பது மைதான். அகச்சிவப்புக்கு நைட்ரஜனும் ஆக்சிஜனும் அந்தத் தண்ணீர் மாதிரி.

இரண்டு பாட்டில், ஒரு விளக்கு வைத்துச் செய்யும் கார்பன் டை ஆக்சைடு சோதனையைச் செய்யலாமா?

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பல பாடத்திட்டங்களில் இருக்கிறது: ஒரு பாட்டிலில் சாதாரணக் காற்று, இன்னொன்றில் வினிகரும் சமையல் சோடாவும் கலந்து உண்டாக்கிய வாயு. இரண்டின் மேலும் விளக்கு. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது பாட்டில் ஓரிரு டிகிரி கூடச் சூடாகிறது. "பார்த்தீர்களா, இதுதான் புவி வெப்பமாதல்" என்று முடிப்பார்கள். நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் முடித்தேன்.

விடை சரி, காரணம் தவறு. கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கனமான வாயு அடியில் தேங்கி நின்று, மேலே உள்ள காற்றோடு எளிதில் கலக்காமல் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. 2010-இல் இயற்பியலாளர்கள் சிலர் இதே வகைச் சோதனையை ஆர்கான் வாயுவை வைத்துச் செய்து பார்த்தார்கள். ஆர்கானும் கனமான வாயுதான், ஆனால் அகச்சிவப்பைத் துளியும் உறிஞ்சாது. அதிலும் ஏறத்தாழ அதே சூடு ஏறியது. அப்படியென்றால் நாம் வகுப்பில் காட்டிக்கொண்டிருந்தது பசுமை இல்ல விளைவே அல்ல. ஒரு சாண் பாட்டிலுக்குள் இருக்கும் வாயு, கிலோமீட்டர் கணக்கில் உயர்ந்து நிற்கும் வளிமண்டலத்தின் வேலையைச் செய்துகாட்டாது.

இப்போது நான் இந்தச் சோதனையை விடவில்லை, திருப்பிப் போட்டுவிட்டேன். சோதனையைச் செய்கிறோம், சூடேறுவதைப் பார்க்கிறோம். பிறகு ஆர்கான் செய்தியைச் சொல்லி, "அப்படியானால் என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறேன். நாம் விரும்பிய விடை கிடைத்ததாலேயே ஒரு சோதனை சரியாகிவிடாது என்பதை இதைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் பாடம் எனக்குத் தெரியாது. உண்மையான விளைவைக் காட்ட விரும்பினால், அகச்சிவப்புக் கேமராவால் ஒரு மெழுகுவத்தியைப் பார்த்து, இடையில் உள்ள குழாயில் கார்பன் டை ஆக்சைடை நிரப்பும்போது சுடர் மங்கி மறையும் காணொளிகள் இருக்கின்றன. கண்ணால் பார்த்தால் சுடர் அப்படியே இருக்கும், கேமராவுக்கு மட்டும் தெரியாது.

மனிதர்தான் காரணம் என்று எப்படித் தெரியும்?

இந்தப் பாடத்தின் இதயமே இந்தக் கேள்விதான். துப்பறியும் வேலையாக இதை நடத்துங்கள். சந்தேகத்துக்குரியவர்கள் மூவர்: சூரியன், எரிமலை, புதைபடிவ எரிபொருள். ஒவ்வொரு தடயத்தையும் ஒரு அட்டையில் எழுதிக் குழுக்களுக்குக் கொடுத்து, யாரை விடுவிக்கிறது, யாரை மாட்டிவிடுகிறது என்று முடிவு செய்யச் சொல்லுங்கள்.

முதல் அட்டை: செயற்கைக்கோள்கள் 1978 முதல் சூரியனின் ஆற்றலை அளந்துவருகின்றன. 11 ஆண்டுச் சுழற்சியில் ஏறி இறங்குகிறதே தவிர, வெப்பநிலையோடு சேர்ந்து உயரவில்லை. இரண்டாவது: தரையை ஒட்டிய காற்று சூடாகிறது, ஆனால் அதற்கு மேலே உள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் அடுக்கு குளிர்ந்துகொண்டிருக்கிறது. சூரியன் காரணமாக இருந்தால் இரண்டும் சூடாகியிருக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு கூடினால் இப்படித்தான் ஆகும் என்று சுகுரோ மனாபே 1967-லேயே கணக்கிட்டுக் காட்டியிருந்தார். அவருக்கு 2021-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. மூன்றாவது: எரிமலைகள் ஆண்டுதோறும் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு, மனிதர் வெளிவிடுவதில் சுமார் 1 சதவீதமோ அதற்கும் குறைவோதான்.

நான்காவது அட்டைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கார்பன் அணுவில் எடை வேறுபட்ட வகைகள் உண்டு. செடிகள் லேசான கார்பன்-12-ஐயே விரும்பி எடுக்கும். நிலக்கரியும் பெட்ரோலியமும் பண்டைய உயிர்களிலிருந்து வந்தவை, அதனால் அவற்றில் கார்பன்-13 குறைவு. கார்பன்-14 அறவே இல்லை. 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும் அது, கோடிக்கணக்கான ஆண்டுகளில் அழிந்தே போயிருக்கும். இப்போது காற்றில் கார்பன்-13-இன் பங்கு குறைந்துகொண்டே வருகிறது. காற்றில் கூடுதலாகச் சேரும் கார்பன் எங்கிருந்து வந்தது என்று அதன் அணுக்களே சாட்சி சொல்கின்றன. ஐந்தாவது அட்டை: காற்றில் ஆக்சிஜன் மிகச் சிறிதளவு குறைந்துவருகிறது. எதையாவது எரித்தால்தான் அப்படி ஆகும், எரிமலை வாயு வெளியேறுவதால் ஆகாது.

ஓர் அட்டையை மட்டும் பார்த்த குழு எப்போதும் தயங்கும். ஐந்தையும் சேர்த்துப் பார்க்கும்போது தயக்கம் போய்விடும். விஞ்ஞானிகளுக்கும் அப்படித்தான் நடந்தது.

காலநிலை முன்பும் மாறியதே, இப்போது மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு?

மாறியது உண்மை. அதை மறைக்கவோ அவசரமாகக் கடந்துபோகவோ வேண்டாம். புவி அறிவியல் இங்கேதான் கைகொடுக்கிறது.

46 மீட்டர் கயிறு ஒன்றை விளையாட்டுத் திடலில் நீட்டுங்கள். பூமியின் வயது சுமார் 460 கோடி ஆண்டு. ஆக 1 மீட்டர் 10 கோடி ஆண்டு, 1 சென்டிமீட்டர் 10 லட்சம் ஆண்டு, 1 மில்லிமீட்டர் 1 லட்சம் ஆண்டு. கணக்கு இவ்வளவு வசதியாக அமைவது அபூர்வம், விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் துணி மாட்டும் கிளிப்போடு நடக்கட்டும். கடைசி முனையிலிருந்து 35 மீட்டர் பின்னால் நுண்ணுயிர்களின் தடயம். 66 சென்டிமீட்டரில் டைனோசர்கள் மறைகின்றன. இதைக் கேட்டதும் எல்லோரும் கயிற்றின் முனைக்கு ஓடிவந்துவிடுவார்கள், அவ்வளவு அருகிலா என்று. நம் இனம் தோன்றியது கடைசி 3 மில்லிமீட்டரில். உழவு தொடங்கியது ஒரு தலைமுடியின் பருமனில். தொழிற்சாலை யுகத்தைக் காட்ட அந்தத் தலைமுடியை ஐம்பதாகக் கிழிக்க வேண்டும்.

இதன் பிறகு பனி உள்ளகத்தைப் பற்றிப் பேசலாம். அண்டார்டிகாவில் 3 கிலோமீட்டருக்கு மேல் துளையிட்டு எடுத்த பனித்தூண்களில் பழங்காலக் காற்று குமிழ்களாக அடைபட்டுக் கிடக்கிறது. அதை அளந்ததில் கடந்த 8 லட்சம் ஆண்டுகளில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 180 பங்குக்கும் 300 பங்குக்கும் இடையே ஏறி இறங்கியிருக்கிறது. பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் மெல்ல மாறுவதுதான் பனிக்காலங்கள் வந்துபோவதற்குத் தூண்டுகோல் என்று செர்பிய அறிஞர் மிலூட்டின் மிலன்கோவிச் கணக்கிட்டார். அந்தச் சுழற்சிகள் சுமார் 23,000, 41,000, 1,00,000 ஆண்டுகள் எடுப்பவை. கடைசிப் பனிக்காலம் முடிந்தபோது கார்பன் டை ஆக்சைடு சுமார் 80 பங்கு கூடப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆயின. 1958-இல் சுமார் 315 ஆக இருந்தது 2024-இல் சுமார் 424. அதாவது 66 ஆண்டுகளில் நூறு பங்குக்கு மேல். மாறுவது புதிதல்ல, இந்த வேகம் புதிது. 'வேகம்' என்ற சொல்லைக் கரும்பலகையில் பெரிதாக எழுதிவைத்துவிடுகிறேன்.

பாறை, கண்டத்தட்டு எல்லாம் தனி அலகு. அதைக் காலநிலையோடு எப்படி இணைப்பது?

ஒரு துண்டு சுண்ணாம்புக்கல், ஒரு சொட்டு வினிகர். கல்லை லேசாகச் சுரண்டிப் பொடியாக்கி அதன் மேல் விடுங்கள். நுரைத்துக்கொண்டு குமிழ் வரும். காதருகே வைத்தால் மெல்லிய சீறல் கூடக் கேட்கும். அந்தக் குமிழில் இருப்பது கார்பன் டை ஆக்சைடு. எப்போதோ காற்றில் திரிந்து, மழையில் கரைந்து, கடலுக்குப் போய், ஏதோ ஓர் உயிரின் ஓடாகி, அடியில் படிந்து கல்லான கார்பன், கோடிக்கணக்கான ஆண்டு கழித்து உங்கள் மேசையில் மறுபடி காற்றுக்குத் திரும்புகிறது. (கரும்பலகைச் சாக்பீஸை வைத்துச் செய்யாதீர்கள். அவற்றில் பல ஜிப்சத்தால் ஆனவை, நுரைக்காது. முட்டை ஓடு நுரைக்கும்.)

கண்டத்தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர், ஏறக்குறைய நகம் வளரும் வேகத்தில் நகர்கின்றன. கடலடிச் சுண்ணாம்பு தட்டோடு சேர்ந்து பூமிக்குள் இறங்குகிறது, எரிமலை வழியே அதன் கார்பன் வெளிவருகிறது, மழை மறுபடி அதைப் பாறைக்கு இழுக்கிறது. பூமி தன் வெப்பத்தைச் சீராக்கிக்கொள்ளும் வழி இது. ஆனால் லட்சக்கணக்கான ஆண்டு எடுக்கும். நாம் அவசரப்பட்டாலும் அது அவசரப்படாது. பாறைப் பாடத்தை இதோடு சேர்த்து எடுத்தபின், தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்ற வகைப்பாட்டைப் பிள்ளைகள் மறப்பதே இல்லை.

கடல்மட்டம் உயர்வதை எப்படிக் காட்டுவது?

ஒரே அளவான இரண்டு கண்ணாடிப் பாத்திரம். ஒன்றில் தண்ணீரில் பனிக்கட்டி மிதக்கட்டும். இன்னொன்றில் களிமண் மேடு கட்டி, அதன் மேல் அதே அளவு பனிக்கட்டி இருக்கட்டும். நீர்மட்டத்தைக் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உருகுவதற்கு முன் ஒவ்வொருவரும் தன் ஊகத்தை எழுதிவைக்க வேண்டும், இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். பெரும்பாலோர் இரண்டும் உயரும் என்றே எழுதுவார்கள். மிதந்த பனி உருகினாலும் மட்டம் மாறாது, மேட்டுப் பனி உருகினால் உயரும். கிரீன்லாந்துப் பனி முழுதும் உருகினால் கடல் சுமார் 7 மீட்டர் உயரும் என்பதையும், ஆர்க்டிக்கில் மிதக்கும் பனியின் கதை வேறு என்பதையும் அப்போது பிரித்துச் சொல்லலாம்.

பலரும் மறந்துவிடும் இன்னொரு காரணம் உண்டு. தண்ணீர் சூடானால் விரியும். குடுவை நிறைய வண்ணத் தண்ணீர் ஊற்றி, மெல்லிய குழாய் செருகிய தக்கையால் அடைத்து வெந்நீரில் வையுங்கள். குழாயில் மட்டம் ஏறுவது கண்முன்னே தெரியும். 1971-க்கும் 2018-க்கும் இடையே உயர்ந்த கடல்மட்டத்தில் சுமார் பாதி இந்த விரிவால் வந்தது. பூமியில் சேர்ந்த கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போயிருக்கிறது.

ஓசோன் ஓட்டையால்தான் பூமி சூடாகிறது என்று எழுதுகிறார்கள்.

எல்லா ஆண்டும் எழுதுவார்கள். அவை இரண்டு வேறு பிரச்சினைகள். ஓசோன் படலம் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. குளிர்சாதனங்களிலும் தெளிப்பான்களிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன்கள் அதைச் சிதைத்தன. 1987-இல் மாண்ட்ரியல் உடன்பாடு அவற்றைக் கட்டுப்படுத்தியது, படலம் மெல்ல மீண்டுவருகிறது. உலக நாடுகள் ஒன்றுகூடி ஒரு பிரச்சினையைத் தீர்க்க முடியும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டாக இதைத் தனியே சொல்லுங்கள், குழப்பமும் தீரும்.

எந்த வயதில் எவ்வளவு சொல்லலாம்?

பத்து வயதுக்குள் அளப்பதும் கவனிப்பதும் போதும். நிழலின் நீளம், மண்ணின் ஈரம், மேகத்தின் வடிவம். நெருக்கடி என்ற பேச்சே வேண்டாம். பதினொன்று முதல் பதின்மூன்று வரை சோதனைகளும் சுழற்சிகளும். அதற்கு மேல் வரைபடம், தடயம், முடிவெடுத்தல். வயதைவிடப் பிள்ளை கேட்கும் கேள்வியே சரியான அளவுகோல். கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள், கேட்காததைத் திணிக்காதீர்கள்.

சில பிள்ளைகள் பயந்துபோகிறார்கள். என்ன செய்வது?

பயம் வருவது இயல்பு. 10 நாடுகளில் 16 முதல் 25 வயது வரையான 10,000 பேரிடம் எடுத்த ஆய்வு ஒன்று 2021-இல் வெளியானது. அவர்களில் 59 சதவீதம் பேர் இதைப் பற்றி மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். "ஒன்றும் ஆகாது" என்று தேற்றாதீர்கள், அது பொய் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். "எல்லாம் முடிந்துவிட்டது" என்பதும் அறிவியல் அல்ல. சூடாவது எத்தனை டிகிரியில் நிற்கும் என்பது இனி வெளிவிடப்போகும் அளவைப் பொறுத்தது, ஒவ்வொரு பத்தில் ஒரு டிகிரிக்கும் விளைவு வேறுபடும். இதுதான் உண்மை. இதில் செய்வதற்கு இடம் இருக்கிறது.

என்னிடம் ஒரு மாணவி வகுப்பு முடிந்ததும் வந்து, "நான் பெரியவளாகும்போது என்ன மிச்சம் இருக்கும்?" என்று கேட்டாள். நான் எண் எதுவும் சொல்லவில்லை. அவளை உட்காரச் சொல்லி, எது அதிகம் பயமாக இருக்கிறது என்று கேட்டேன். பவளப்பாறை என்றாள். காற்றில் கூடும் கார்பன் டை ஆக்சைடு கடலில் கரைந்து அதை அமிலத்தன்மையாக்குவது பவளத்துக்குக் கேடு. அடுத்த மாதம் முழுக்க, அமிலம் பட்டால் நிறம் மாறும் சிவப்பு முட்டைக்கோஸ் சாற்றில் குழாய் வழியே ஊதி, மூச்சுக்காற்றில் உள்ள அதே வாயு தண்ணீரை எப்படி அமிலத்தன்மையாக்குகிறது என்று அவளே வகுப்புக்குச் செய்துகாட்டினாள். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். கையில் வேலை வந்தபின் அவள் குரல் நடுங்கவில்லை.

குற்றவுணர்வைப் பிள்ளை தலையில் ஏற்றுவதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். விளக்கை அணைக்கச் சொல்வது நல்ல பழக்கம். ஆனால் உலகின் மின்நிலையங்களுக்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை பொறுப்பல்ல.

இரண்டு தரப்பையும் சொல்லிக்கொடுக்க வேண்டாமா? பெற்றோர் சிலர் இது அரசியல் என்கிறார்கள்.

இரண்டு வகைக் கேள்விகளைப் பிரியுங்கள். பூமி சூடாகிறதா, காரணம் யார் என்பது அளந்து தீர்க்கும் கேள்வி. மனிதரின் தாக்கம் ஐயத்துக்கு இடமற்றது என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு 2021 அறிக்கையில் சொல்லிவிட்டது. அதை வாக்கெடுப்புக்கு விடுவது பிள்ளைக்குச் செய்யும் தீங்கு. என்ன செய்யலாம், யார் செலவை ஏற்பது, அணுமின்சாரமா காற்றாலையா, வளர்ந்த நாடுகளின் பொறுப்பு எவ்வளவு என்பவை மதிப்பீட்டுக் கேள்விகள். அவற்றில் எத்தனை தரப்பு இருக்கிறதோ அத்தனையும் வகுப்பில் ஒலிக்கட்டும், உங்கள் தரப்பைக் கடைசியில்கூடச் சொல்லாதீர்கள். பெற்றோர் வந்தால் பிள்ளையின் அளவுத்தாளைக் கையில் கொடுங்கள். பிள்ளை கையால் எழுதிய எண்களைப் பார்த்தபின் பேச்சின் சூடு தணிவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஆய்வகமே இல்லை. முடியுமா?

மேலே சொன்னவற்றில் எதற்கும் ஆய்வகம் தேவையில்லை. வெப்பமானி, கயிறு, பகடை, மை, வினிகர், பனிக்கட்டி. இணையம் கிடைத்தால், காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதைக் காட்டும் மௌனா லோவா வரைபடத்தை ஒருமுறை அச்செடுத்துக்கொள்ளுங்கள், ஆண்டு முழுக்கப் பயன்படும்.

தேர்வில் என்ன கேட்பது?

வரையறை கேட்காதீர்கள். நான் ஆண்டுத் தேர்வில் ஒரே ஒரு வரைபடம் தருகிறேன்: ஹவாய்த் தீவில், மௌனா லோவா மலைச்சரிவில் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் சார்லஸ் கீலிங் 1958-இல் தொடங்கிய அளவீடு. மேல்நோக்கி ஏறும் கோடு, அதில் ஆண்டுதோறும் ரம்பப் பல் போல ஓர் ஏற்ற இறக்கம். பெயர் எதுவும் போட்டிருக்காது. மூன்று கேள்வி: இது எதன் அளவாக இருக்கலாம்? பல் போன்ற வளைவு ஏன்? இதை நம்புவதற்கு முன் நீ என்ன கேட்பாய்?

இரண்டாவதற்கு விடை, வட அரைக்கோளத்தில் நிலமும் செடியும் அதிகம். அங்கே கோடையில் இலை தளிர்த்துக் கார்பனை இழுக்கிறது, பின் உதிர்ந்து மட்கித் திருப்பிக்கொடுக்கிறது. அதனால் மே மாதத்தில் உச்சம், செப்டம்பர் வாக்கில் தாழ்வு. பூமி மூச்சு விடுவது போல என்று எழுதும் பிள்ளைகள் உண்டு, முழு மதிப்பெண் கொடுத்துவிடுவேன்.

மூன்றாவதற்கு ஒரு மாணவன் எழுதியிருந்தான்: "மௌனா லோவா எரிமலை ஆயிற்றே. எரிமலையின் மேல் உட்கார்ந்து கார்பன் டை ஆக்சைடை அளந்தால் அதன் புகை கலந்துவிடாதா?" வரைபடத்தில் பெயர் இல்லாதபோதும், எந்த இடம் என்று வகுப்பில் படித்ததை வைத்து ஊகித்திருக்கிறான். விடைத்தாளைத் திருப்பிக்கொடுத்த அன்று முழுப் பாடவேளையும் அதற்கே போனது. எரிமலை வாய்ப் பக்கமிருந்து காற்று வீசும்போது அளவு சட்டென்று துள்ளும், அந்த நேரத்து எண்களை ஆய்வாளர்கள் தனியே ஒதுக்கிவிடுகிறார்கள். 2022 நவம்பரில் எரிமலை வெடித்து எரிகுழம்பு சாலையையும் மின்கம்பியையும் துண்டித்தபோது, அளவீட்டைப் பக்கத்து மலையான மௌனா கேயாவுக்குத் தற்காலிகமாக மாற்றினார்கள். எரிமலையே இல்லாத தென்துருவ நிலையத்திலும் அதே ஏற்றம் பதிவாகியிருக்கிறது. தென்துருவக் கோட்டைக் கரும்பலகையில் வரைந்து முடித்தபோது அதே மாணவன் மறுபடி கையைத் தூக்கினான். அங்கே செடியே இல்லையே, அந்த ரம்பப் பல் எங்கே போயிற்று?